2024 மகளிர் தேசியக் கூடைப்பந்துச் சங்க இறுதித் தொடர்

2024 மகளிர் தேசியக் கூடைப்பந்துச் சங்க இறுதித் தொடர் (2024 டபிள்யூ.என்.பி.ஏ. இறுதித் தொடர்) என்பது ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் கூடைப்பந்துக் கூட்டிணைவான மகளிர் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் 28வது பருவத்தில் வாகையரைத் தீர்மானித்த ஆட்டத் தொடர் ஆகும். இது 2024 அக்டோபர் 10 முதல் அக்டோபர் 20 வரை நடைபெற்றது. இதில் நியூயார்க் லிபர்ட்டி அணி, மினசோட்டா லிங்க்ஸ் அணியை 3–2 என்ற கணக்கில் வென்று தன் முதல் கோப்பையைப் பெற்றது. ஐந்தாவது ஆட்டம் கூடுதல் நேரத்தில் முடிவடைந்தது. இச்சங்கத்தின் இறுதித் தொடர்களில் ஐந்தாவது ஆட்டம் ஒன்று கூடுதல் நேரத்துக்குச் சென்றது இதுவே முதன்முறையாகும்.

இத்தொடர் மூன்று காரணங்களால் பரவலாக ஆராயப்பட்டது. முதலாவது, ஆட்டங்களின் நெருக்கம். இரண்டாவது, ஐந்தாவது ஆட்டம் முடிய 5.2 நொடிகள் இருந்தபோது நடுவர்கள் அளித்த ஒரு தீர்ப்பு. மூன்றாவது, தொடர் முடிந்த மறுநாளே வீராங்கனைகளின் தொழிற்சங்கம் நடப்பு ஊதிய ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தமை. இம்மூன்றும் தனித்தனி நிகழ்வுகள் போலத் தோன்றினும் ஒரே கேள்வியுடன் தொடர்புடையவை. மகளிர் கூடைப்பந்தாட்டத்தின் மதிப்பு உயர்ந்துள்ள அளவுக்கு, அதனை நடத்தும் ஏற்பாடுகள் உயர்ந்துள்ளனவா என்பதே அக்கேள்வியாகும்.

பின்னணி

மகளிர் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் 1996 ஏப்ரலில், ஆடவர் கூட்டிணைவான தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் (என்.பி.ஏ.) ஒப்புதலுடன் உருவாக்கப்பட்டது. முதல் பருவம் 1997 ஜூன் மாதத்தில் எட்டு அணிகளுடன் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறும் தற்போதைய முறை 2006 ஆம் ஆண்டு முதல் பின்பற்றப்படுகிறது. புள்ளிகள் சமமாக இருப்பின் ஐந்து நிமிடக் கூடுதல் நேரம் வழங்கப்படும்.

வாகையரைத் தீர்மானிக்கும் முறை காலப்போக்கில் பலமுறை மாறியுள்ளது. 1997 இல் ஒரே ஓர் ஆட்டம் மட்டுமே இறுதிப் போட்டியாக நடைபெற்றது. ஆகஸ்ட் 30 அன்று நடந்த அவ்வாட்டத்தில் ஹூஸ்டன் காமெட்ஸ் அணி 65–51 என நியூயார்க் லிபர்ட்டியை வென்றது. 1998 முதல் 2004 வரை மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்லும் அணி வாகையரானது. 2005 முதல் 2024 வரை ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்ல வேண்டியிருந்தது. 2025 முதல் ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லும் முறை நடைமுறைக்கு வந்தது. ஆடவர் கூட்டிணைவில் ஏழு ஆட்ட இறுதித் தொடர் அதன் தொடக்க காலம் முதலே வழக்கத்தில் உள்ளது.

இத்தொடரின் நீளம் வெறும் அட்டவணைச் செய்தி அன்று. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அரங்கு வாடகை, பயணம், தொலைக்காட்சி நேரம் ஆகியவை தேவைப்படுகின்றன. பார்வையாளர் வருவர் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே ஒரு கூட்டிணைவு ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டும். ஆகவே ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற இவ்வரிசையை, மகளிர் ஆட்டத்தின் மீது அதன் உரிமையாளர்கள் வைத்த நம்பிக்கையின் அளவாகவும் வாசிக்கலாம்.

இரு அணிகள்

நியூயார்க் லிபர்ட்டி

லிபர்ட்டி, சங்கம் தொடங்கியபோதே இருந்த எட்டு அணிகளுள் ஒன்று. 2024 க்கு முன் அது 1997, 1999, 2000, 2002, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் இறுதிப் போட்டியை எட்டி ஐந்திலும் தோற்றது. 1999 தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் டெரேசா வெதர்ஸ்பூன் ஆடுகளத்தின் பாதித் தொலைவிலிருந்து எறிந்த பந்து கடைசி நொடியில் வளையத்துக்குள் விழ, லிபர்ட்டி ஹூஸ்டனில் வென்றது. எனினும் அடுத்த ஆட்டத்தில் தோற்றுக் கோப்பையை இழந்தது.

பல ஆண்டுகள் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ஆடிய இவ்வணியை அதன் உரிமையாளர்கள் விற்க முன்வந்தனர். அதனைத் தொடர்ந்து 2018, 2019 பருவங்களில் பெரும்பாலான உள்ளூர் ஆட்டங்கள் நகருக்கு வெளியே வைட் பிளெய்ன்ஸ் என்னும் ஊரில், ஏறத்தாழ 5,000 பேர் அமரக்கூடிய மாவட்ட அரங்கில் நடத்தப்பட்டன. 2019 ஜனவரியில் ஜோ சாய், கிளாரா வூ சாய் இணையர் அணியை வாங்கி, பின்னர் புரூக்ளினில் உள்ள பார்க்ளேஸ் மையத்துக்கு மாற்றினர். 2021 இல் வீராங்கனைகளைத் தனி விமானத்தில் அழைத்துச் சென்றமைக்காக, அது சங்க விதிகளுக்கு முரணானது எனக் கூறி இவ்வணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அக்காலத்தில் அனைத்து அணிகளும் சாதாரணப் பயணிகள் விமானங்களிலேயே செல்ல வேண்டியிருந்தது. வசதி படைத்த உரிமையாளரின் அணிக்கு மட்டும் அனுகூலம் கிடைக்கக்கூடாது என்பதே அவ்விதியின் நோக்கமாகும். 2024 மே மாதம் முதல் சங்கமே அனைத்து அணிகளுக்கும் தனி விமானங்களை ஏற்பாடு செய்தது.

2023 பருவத்துக்கு முன் பிரெயானா ஸ்டூவர்ட், ஜான்குவெல் ஜோன்ஸ் ஆகியோர் லிபர்ட்டியில் இணைந்தனர். 2020 புதுமுகத் தேர்வில் முதலாவதாகத் தேர்வான சப்ரினா அயோனெஸ்கு ஏற்கெனவே அணியில் இருந்தார். அப்போதைய பயிற்றுநர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சாண்டி பிராண்டெல்லோ. இவர் 2014 இல் பீனிக்ஸ் மெர்க்குரி அணிக்குக் கோப்பை பெற்றுத் தந்தவர்.

மினசோட்டா லிங்க்ஸ்

லிங்க்ஸ் அணி 2011, 2013, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது. 2010 முதல் பயிற்றுநராக உள்ள செரில் ரீவ் இந்நான்கு வெற்றிகளுக்கும் பொறுப்பாளர். மாயா மூர், சீமோன் அகஸ்டஸ், லின்ட்சே வேலன் போன்ற அக்கால வீராங்கனைகள் ஓய்வு பெற்ற பின் அணி சில ஆண்டுகள் பின்தங்கியது. 2024 இல் நஃபீசா காலியர் தலைமையில் மீண்டும் எழுந்தது. அவ்வாண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் காலியர் பெற்றார்.

வழக்கமான பருவத்தில் லிபர்ட்டி 40 ஆட்டங்களில் 32 ஐயும், லிங்க்ஸ் 30 ஐயும் வென்று முதல் இரு இடங்களைப் பிடித்தன. அரையிறுதியில் லிபர்ட்டி, முந்தைய ஆண்டு இறுதித் தொடரில் தன்னைத் தோற்கடித்த லாஸ் வேகாஸ் ஏசஸ் அணியை 3–1 என வென்றது. லிங்க்ஸ் கனெக்டிகட் சன் அணியை 3–2 என வென்றது. அதிக வெற்றி பெற்றிருந்தமையால் முதல், இரண்டாவது, தேவைப்படின் ஐந்தாவது ஆட்டங்களை உள்ளூரில் ஆடும் உரிமை லிபர்ட்டிக்குக் கிடைத்தது.

இரு மாதங்களுக்கு முன் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐக்கிய அமெரிக்க அணி, பிரான்சை 67–66 என ஒரு புள்ளியில் வென்று தங்கம் பெற்றது. அவ்வணியின் பயிற்றுநர் செரில் ரீவ். ஸ்டூவர்ட், அயோனெஸ்கு, காலியர் ஆகிய மூவரும் அவ்வணியில் ஒன்றாக ஆடியவர்கள்.

ஆட்டங்கள்

முடிவுகள் பின்வருமாறு:

முதல் ஆட்டம் (அக்டோபர் 10, புரூக்ளின்): லிங்க்ஸ் 95 – லிபர்ட்டி 93 (கூடுதல் நேரம்)
இரண்டாம் ஆட்டம் (அக்டோபர் 13, புரூக்ளின்): லிபர்ட்டி 80 – லிங்க்ஸ் 66
மூன்றாம் ஆட்டம் (அக்டோபர் 16, மினியாபொலிஸ்): லிபர்ட்டி 80 – லிங்க்ஸ் 77
நான்காம் ஆட்டம் (அக்டோபர் 18, மினியாபொலிஸ்): லிங்க்ஸ் 82 – லிபர்ட்டி 80
ஐந்தாம் ஆட்டம் (அக்டோபர் 20, புரூக்ளின்): லிபர்ட்டி 67 – லிங்க்ஸ் 62 (கூடுதல் நேரம்)

முதல் ஆட்டத்தில் லிபர்ட்டி ஒரு கட்டத்தில் 18 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. லிங்க்ஸ் சிறிது சிறிதாக அவ்விடைவெளியைக் குறைத்தது. இறுதி நொடிகளில் கோர்ட்னி வில்லியம்ஸ் மூன்று புள்ளி எறிவு ஒன்றைப் போடும்போது அவர் மீது ஃபவுல் இழைக்கப்பட, எறிவும் விழுந்து கூடுதலாக ஒரு புள்ளியும் கிடைத்தது. இவ்வாறு ஒரே முயற்சியில் நான்கு புள்ளிகள் பெற்று லிங்க்ஸ் முன்னிலை அடைந்தது. ஆட்டம் முடிய 0.8 நொடி இருக்கையில் ஸ்டூவர்ட்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் (எதிரணியினர் தடுக்காமல், கோட்டில் நின்று எறியும் வாய்ப்பு) கிடைத்தன. அவற்றில் ஒன்றை மட்டுமே அவர் புள்ளியாக்கியதால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. அதில் காலியர் இட்ட புள்ளிகள் லிங்க்ஸுக்கு வெற்றி தேடித் தந்தன.

இரண்டாம் ஆட்டமே தொடரில் பெரிய வேறுபாட்டில் முடிந்த ஒரே ஆட்டமாகும். இதில் ஸ்டூவர்ட் 21 புள்ளிகள் பெற்றதோடு ஏழு முறை எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தார்.

மூன்றாம் ஆட்டம் மினியாபொலிஸ் டார்கெட் மையத்தில் 19,521 பார்வையாளர் முன்னிலையில் நடைபெற்றது. முற்பாதியில் பின்தங்கியிருந்த லிபர்ட்டியை ஸ்டூவர்ட் 30 புள்ளிகளுடன் மீட்டார். புள்ளிகள் 77–77 எனச் சமமாக இருந்தபோது, வளையத்திலிருந்து ஏறத்தாழ 28 அடி தொலைவிலிருந்து அயோனெஸ்கு எறிந்த மூன்று புள்ளி எறிவு, ஆட்டம் முடிய ஒரு நொடி இருக்கையில் வெற்றியை உறுதி செய்தது.

நான்காம் ஆட்டத்தில் 80–80 எனச் சமநிலை இருந்தபோது, இரண்டு நொடிகள் எஞ்சியிருக்கையில் லிங்க்ஸின் பிரிட்ஜெட் கார்ல்டன் மீது ஃபவுல் அழைக்கப்பட்டது. கனடாவைச் சேர்ந்த இவர் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் புள்ளியாக்கித் தொடரை 2–2 எனச் சமன் செய்தார்.

ஐந்தாம் ஆட்டத்தைப் பார்க்ளேஸ் மையத்தில் 18,090 பேர் கண்டனர். இரு அணிகளும் தடுப்பாட்டத்தில் வலுவாகவும் எறிவில் பலவீனமாகவும் இருந்தன. அயோனெஸ்கு 19 முறை எறிந்து ஒன்றில் மட்டுமே வெற்றி கண்டார். காலியர் 22 புள்ளிகள் பெற்றார். கடைசிக் கட்டத்தில் லிங்க்ஸ் 60–58 என முன்னிலையில் இருந்தது. அதன்பின் நிகழ்ந்தது கீழே தனியாக விளக்கப்படுகிறது. கூடுதல் நேரத்தில் லிபர்ட்டி ஏழு புள்ளிகளும் லிங்க்ஸ் இரண்டு புள்ளிகளும் பெற்றன. அதன் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த லியோனி ஃபீபிக், நியாரா சபாலி இருவரும் இட்ட ஐந்து புள்ளிகள் முடிவைத் தீர்மானித்தன. 17 புள்ளிகள் பெற்ற பஹாமாஸ் நாட்டு வீராங்கனை ஜான்குவெல் ஜோன்ஸ் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதற்கு முன் மூன்று இறுதித் தொடர்களில் ஆடி மூன்றிலும் தோற்றவர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஐந்து ஆட்டங்களிலும் லிபர்ட்டி மொத்தம் 400 புள்ளிகளும் லிங்க்ஸ் 382 புள்ளிகளும் பெற்றன. வேறுபாடான 18 புள்ளிகளில் 14 புள்ளிகள் இரண்டாம் ஆட்டத்தில் மட்டும் வந்தவை. மற்ற நான்கு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் இரு அணிகளுக்கும் இடையே இருந்தது நான்கு புள்ளிகளே. இவ்வளவு நெருக்கமான தொடரில் எந்த ஒரு தீர்ப்பும் கோப்பையின் திசையை மாற்றும் வலிமை உடையதாகிவிடுகிறது.

5.2 நொடித் தீர்ப்பு

ஐந்தாம் ஆட்டத்தில் 60–58 என லிங்க்ஸ் முன்னிலையில் இருக்கையில், ஸ்டூவர்ட் வளையத்தை நோக்கிச் சென்று எறிய முயன்றார். அவரைத் தடுத்த அலானா ஸ்மித் மீது நடுவர்கள் ஃபவுல் அழைத்தனர். அப்போது 5.2 நொடிகள் எஞ்சியிருந்தன. பயிற்றுநர் ரீவ் தீர்ப்பை மறு ஆய்வு செய்யக் கோரினார். நடுவர்கள் ஒளிப்பதிவைப் பார்த்த பின் தம் தீர்ப்பையே உறுதி செய்தனர். ஸ்டூவர்ட் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் புள்ளியாக்கி 60–60 எனச் சமன் செய்தார். முதல் ஆட்டத்தில் இதேபோன்ற நிலையில் ஒன்றைத் தவறவிட்டவரும் இவரே.

ஆட்டத்துக்குப் பின் ரீவ், கோப்பை தம் அணியிடமிருந்து திருடப்பட்டுவிட்டது எனக் கடுமையாகக் கூறினார். அப்போது நடைமுறையில் இருந்த மறு ஆய்வு முறையையும் அவர் குறை கூறினார். களத்தில் தீர்ப்பளித்த நடுவர்களே தம் தீர்ப்பைத் தாமே ஆய்வதற்குப் பதிலாக, மூன்றாம் தரப்பினர் அதனைச் செய்ய வேண்டும் என்பது அவர் வாதமாகும்.

லிங்க்ஸ் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டிய மற்றொரு புள்ளிவிவரம் ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கையாகும். அவ்வாட்டத்தில் லிபர்ட்டி 25 முறையும் லிங்க்ஸ் எட்டு முறையும் ஃப்ரீ த்ரோ எறிந்தன. இவ்வேறுபாடு பெரியது. ஆயினும் இதனை மட்டும் கொண்டு நடுவர்கள் ஒருபக்கம் சாய்ந்தனர் என நிறுவ இயலாது. வளையத்துக்கு அருகே சென்று எறியும் அணிக்கு ஃபவுல்கள் அதிகம் கிடைப்பது இயல்பு. 198 செ.மீ. உயரமுடைய ஜோன்ஸும் 193 செ.மீ. உயரமுடைய ஸ்டூவர்ட்டும் ஆடிய லிபர்ட்டிக்கு வளையத்தின் அருகே உயர அனுகூலம் இருந்தது. தொலைவிலிருந்து எறியும் அணிக்கு அத்தகைய வாய்ப்புகள் குறைவு. எனவே 25 க்கு 8 என்ற எண்ணில் ஆட்ட பாணியின் பங்கு எவ்வளவு, தீர்ப்பின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய, ஒவ்வோர் ஃபவுலையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

சிக்கல் இங்குதான் எழுகிறது. ஆடவர் கூட்டிணைவில், நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களில் அளிக்கப்பட்ட தீர்ப்புகளும் அளிக்கப்படாத தீர்ப்புகளும் மறுநாள் ஆய்வு செய்யப்பட்டு அறிக்கையாக வெளியிடப்படுகின்றன. அவ்வறிக்கையால் ஆட்ட முடிவு மாறுவதில்லை. எனினும் எது சரி, எது தவறு என்பது பதிவாகிறது. 2024 இல் மகளிர் கூட்டிணைவில் அத்தகைய வழக்கம் இல்லை. ஆதலால் ஸ்மித் இழைத்தது ஃபவுல்தானா என்ற கேள்வி, ஒரு தரப்பின் சினமாகவும் மறுதரப்பின் மறுப்பாகவும் நின்றுவிட்டது. இவ்வகைத் தெளிவின்மை தோற்ற அணியை மட்டும் பாதிப்பதில்லை. 28 ஆண்டுகள் காத்திருந்து வென்ற அணியின் வெற்றியையும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

2016 உடன் ஒப்பீடு

லிங்க்ஸ் அணிக்கு இது புதிய அனுபவம் அன்று. சரியாக எட்டு ஆண்டுகளுக்கு முன், 2016 அக்டோபர் 20 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் அணிக்கு எதிரான இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் அவ்வணி 77–76 எனத் தோற்றது. அவ்வாட்டம் முடிய 1 நிமிடம் 14 நொடிகள் இருந்தபோது ஸ்பார்க்ஸின் நெக்கா ஒகுமிக்கே இட்ட இரண்டு புள்ளிகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. பந்து அவர் கையை விட்டு நீங்கும் முன்னரே, ஓர் அணி எறிவதற்கு அனுமதிக்கப்படும் 24 நொடிகள் முடிந்துவிட்டிருந்தன. நடுவர்கள் அதனை ஒளிப்பதிவில் சரிபார்க்கவில்லை. அப்புள்ளிகள் செல்லாதவை எனச் சங்கம் மறுநாள் ஒப்புக்கொண்டது. ஆயினும் முடிவு மாறவில்லை.

இரு நிகழ்வுகளுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உள்ளது. 2016 இல் நிகழ்ந்தது கடிகாரத்தைக் கொண்டு ஐயமின்றி மெய்ப்பிக்கக்கூடிய பிழை. 2024 இல் நிகழ்ந்தது மனித மதிப்பீட்டைச் சார்ந்த தீர்ப்பு. முன்னதைப் போன்ற பிழைகளை ஒளிப்பதிவு தடுக்க இயலும். பின்னதில் ஒளிப்பதிவைப் பார்த்த பின்னரும் கருத்து வேறுபாடு எஞ்சும். எனவேதான் யார் அதனைப் பார்க்கிறார், எதன் அடிப்படையில் முடிவு செய்கிறார் என்பவை முக்கியத்துவம் பெறுகின்றன.

பார்வையாளர்களும் வருவாயும்

2024 பருவம் சங்கத்தின் வரலாற்றில் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. கல்லூரி ஆட்டங்களில் பெரும் புகழ் பெற்ற கெய்ட்லின் கிளார்க் அவ்வாண்டு இண்டியானா ஃபீவர் அணியில் இணைந்தார். வழக்கமான பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 9,807 பேர் அரங்குக்கு வந்தனர். இது முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 48 விழுக்காடு அதிகம்.

இவ்வளர்ச்சி முழுவதும் ஒரே ஒரு வீராங்கனையைச் சார்ந்தது என்ற கருத்து அப்போது நிலவியது. இண்டியானா முதல் சுற்றிலேயே வெளியேறியதால், இறுதித் தொடர் அக்கருத்துக்கு ஒரு சோதனையாக அமைந்தது. ஐந்தாவது ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் சராசரியாக 22 லட்சம் பேர் கண்டனர். 25 ஆண்டுகளில் ஓர் இறுதித் தொடர் ஆட்டத்துக்குக் கிடைத்த மிக உயர்ந்த எண்ணிக்கை இதுவாகும். அதே மாலையில் நியூயார்க் ஜெட்ஸின் அமெரிக்கக் காற்பந்தாட்டமும், நியூயார்க் மெட்ஸின் அடிபந்தாட்டத் தகுதிச் சுற்று ஆட்டமும் ஒளிபரப்பாயின என்பது நோக்கத்தக்கது.

2024 ஜூலையில் ஆடவர், மகளிர் கூட்டிணைவுகளுக்கான புதிய ஒளிபரப்பு உரிமைகள் டிஸ்னி, அமேசான், என்பிசி யுனிவர்சல் ஆகிய நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டன. 2026 முதல் 11 ஆண்டுகளுக்கு மகளிர் சங்கத்தின் பங்கு ஏறத்தாழ 220 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஆகும். புதிய அணி ஒன்றைத் தொடங்குவதற்கான கட்டணமும் உயர்ந்தது. கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் அணிக்கு 2023 இல் 5 கோடி டாலராக இருந்த இக்கட்டணம், 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட கிளீவ்லாந்து, டெட்ராய்ட், பிலடெல்பியா அணிகள் ஒவ்வொன்றுக்கும் 25 கோடி டாலரானது.

கூட்டுப் பேர ஒப்பந்தம்

தொடர் முடிந்த மறுநாளான 2024 அக்டோபர் 21 அன்று, வீராங்கனைகளின் தொழிற்சங்கம் 2020 இல் கையெழுத்தான கூட்டுப் பேர ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2027 வரை நீடிக்க வேண்டிய அவ்வொப்பந்தம் இதனால் 2025 அக்டோபர் 31 அன்று முடிவடையும் நிலை ஏற்பட்டது. தொழிற்சங்கத்தின் தலைவர் நெக்கா ஒகுமிக்கே. 2016 இல் செல்லாத புள்ளிகளால் பயன்பெற்ற அணியின் வீராங்கனையும் இவரே. 2024 இறுதித் தொடரில் எதிரெதிரே நின்ற ஸ்டூவர்ட்டும் காலியரும் அச்சங்கத்தின் செயற்குழுவில் இவருடன் பணியாற்றினர்.

2024 பருவத்தில் ஒரு வீராங்கனையின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 64,154 டாலராகவும், அதிகபட்ச ஊதியம் 241,984 டாலராகவும் இருந்தது. பழைய ஒப்பந்தப்படி, சங்கத்தின் மொத்த வருவாய் குறிப்பிட்ட இலக்குகளைத் தாண்டினால் மட்டுமே கூடுதல் வருவாயில் வீராங்கனைகளுக்குப் பங்கு உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டிலேயே கோவிட் பெருந்தொற்று ஏற்பட்டு அரங்குகள் மூடப்பட்டன. இலக்குகள் ஆண்டுகளைக் கூட்டிக் கணக்கிடப்பட்டதால், பிந்தைய ஆண்டுகளின் வளர்ச்சியாலும் அவற்றை எட்ட முடியவில்லை. ஆடவர் கூட்டிணைவில் ஆட்டம் சார்ந்த வருவாயில் ஏறத்தாழ பாதி வீரர்களுக்குச் செல்கிறது.

உரிமையாளர் தரப்பு, சங்கம் பல ஆண்டுகள் இழப்பில் இயங்கியதையும் அவ்விழப்பைத் தாமே தாங்கியதையும் சுட்டிக்காட்டியது. வீராங்கனைகள் தரப்போ, ஊதிய உச்சவரம்பை நிலையான தொகையாக வைக்காமல் வருவாயுடன் இணைக்குமாறு கோரியது. இதற்கிடையே ஸ்டூவர்ட்டும் காலியரும் இணைந்து நிறுவிய ‘அன்ரைவல்டு’ என்னும் மூவர் அணிக் கூட்டிணைவு 2025 ஜனவரியில் ஃபுளோரிடாவில் தொடங்கியது. அதில் சராசரி ஊதியம் 2 லட்சம் டாலருக்கும் அதிகம். பருவ இடைவெளியில் வருவாய்க்காக வெளிநாட்டு அணிகளுக்குச் சென்று ஆடிய பலருக்கு, பேச்சுவார்த்தைக் காலத்தில் இது ஒரு மாற்று வழியாக அமைந்தது.

ஐந்திலிருந்து ஏழு

ஆணையர் கேத்தி எங்கல்பர்ட், முதல் ஆட்டம் நடந்த அக்டோபர் 10 அன்றே, அடுத்த ஆண்டு முதல் இறுதித் தொடர் ஏழு ஆட்டங்களாக நீட்டிக்கப்படும் என அறிவித்தார். ஆகவே 2024 தொடரே ஐந்து ஆட்ட முறையில் நடந்த கடைசித் தொடராகும்.

2005 முதல் 2024 வரை நடந்த 20 இறுதித் தொடர்களில் எட்டு தொடர்கள் ஐந்தாவது ஆட்டத்தை எட்டின (2006, 2007, 2009, 2015, 2016, 2017, 2019, 2024). ஐந்து தொடர்கள் நான்கு ஆட்டங்களிலும், ஏழு தொடர்கள் மூன்று ஆட்டங்களிலும் முடிந்தன. தொடரை நீட்டுவதால் ஒரு தனித் தீர்ப்பின் எடை குறையும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் ஏழாவது ஆட்டம் வரை சென்றால் அங்கும் கடைசி ஐந்து நொடிகள் உண்டு. நீளம் அதிகரிப்பதால் தவறான தீர்ப்புக்கு ஈடுசெய்யும் வாய்ப்பு கூடுமேயன்றி, தீர்ப்பின் தரம் கூடாது. வீராங்கனைகளைப் பொறுத்தவரை, வழக்கமான பருவமும் 40 இலிருந்து 44 ஆட்டங்களாக உயர்ந்ததால் பணிச்சுமையும் கூடியது.

2025 இல் நிகழ்ந்தவை

2025 அரையிறுதியில் லிங்க்ஸ், பீனிக்ஸ் மெர்க்குரியை எதிர்கொண்டது. செப்டம்பர் 26 அன்று நடந்த மூன்றாவது ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், அலிசா தாமஸ் பந்தைப் பறித்தபோது ஏற்பட்ட மோதலில் காலியர் கணுக்காலில் காயமடைந்தார். ஃபவுல் அழைக்கப்படவில்லை. அதனை எதிர்த்து வாதிட்ட ரீவ் வெளியேற்றப்பட்டு, அடுத்த ஆட்டத்துக்குத் தடையும் அபராதமும் பெற்றார். இருவரும் இன்றி ஆடிய லிங்க்ஸ் நான்காவது ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. செப்டம்பர் 30 அன்று காலியர் செய்தியாளர் முன்னிலையில் எழுதி வைத்த அறிக்கை ஒன்றை வாசித்தார். நடுவர் தரம் குறித்த முறையீடுகளுக்குச் சங்கத் தலைமை பொறுப்பேற்பதில்லை என்றும், உலகின் மிகச் சிறந்த வீராங்கனைகளுக்கு மிக மோசமான தலைமை வாய்த்துள்ளது என்றும் அவர் குற்றஞ்சாட்டினார். தம் மீது கூறப்பட்ட சில கருத்துகளை எங்கல்பர்ட் மறுத்தார்.

ஏழு ஆட்ட முறையின் முதல் இறுதித் தொடரில் லாஸ் வேகாஸ் ஏசஸ், பீனிக்ஸ் மெர்க்குரியை 4–0 என வென்றது. தொடர் அக்டோபர் 10 அன்று நான்கு ஆட்டங்களில் முடிந்தது. ஏஜா வில்சன் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

ஊதியப் பேச்சுவார்த்தை குறித்த காலத்தில் முடியவில்லை. பழைய ஒப்பந்தம் முதலில் 2025 நவம்பர் 30 வரையும் பின்னர் 2026 ஜனவரி 9 வரையும் நீட்டிக்கப்பட்டது. 2025 டிசம்பரில் வீராங்கனைகள் தேவைப்படின் வேலைநிறுத்தம் செய்யத் தம் தொழிற்சங்கத்துக்கு வாக்கெடுப்பின் மூலம் அதிகாரம் அளித்தனர்.

மதிப்பீடு

2024 தொடரை வென்றது லிபர்ட்டி. அப்பதிவு மாறப்போவதில்லை, மாற வேண்டும் எனக் கருதவும் போதிய சான்று இல்லை. அயோனெஸ்குவின் எறிவு தவறியிருந்தாலும், ஸ்டூவர்ட் முதல் ஆட்டத்தில் இரண்டாவது ஃப்ரீ த்ரோவைப் புள்ளியாக்கியிருந்தாலும், கேலா மெக்பிரைட் ஐந்தாவது ஆட்டத்தின் வழக்கமான நேரம் முடியும் தறுவாயில் எறிந்த பந்து உள்ளே விழுந்திருந்தாலும் வரலாறு வேறாகியிருக்கும். நெருக்கமான தொடரில் தீர்மானிக்கும் கணம் ஒன்று மட்டும் இருப்பதில்லை.

எனினும் லிங்க்ஸ் எழுப்பிய கேள்வி நியாயமானது. தனி விமானம், அரங்கு, தொடரின் நீளம், ஒளிபரப்புத் தொகை ஆகியவை இச்சில ஆண்டுகளில் விரைந்து மாறின. அணி உரிமத்தின் விலை இரண்டே ஆண்டுகளில் ஐந்து மடங்கானது. தீர்ப்புகளை வெளிப்படையாக ஆய்வு செய்யும் முறையும், ஆடுபவருக்கு வருவாயில் உரிய பங்கும் அதே வேகத்தில் மாறவில்லை. 18,090 பேர் அரங்கிலும் 22 லட்சம் பேர் தொலைக்காட்சியிலும் கண்ட ஓர் ஆட்டத்தின் தீர்ப்புக்கு, வைட் பிளெய்ன்ஸ் மாவட்ட அரங்கின் காலத்து ஏற்பாடுகள் போதா என்பதே இத்தொடர் விட்டுச்சென்ற படிப்பினையாகும்.